கேப்டனின் பத்து விரல்கள்

மேல்சிற்றேரி தேவராஜனுடைய தாத்தா விஜயராகவன் பர்மா யுத்தத்தில் எத்தனை ஜப்பான்காரர்களைச் சுட்டார் என்பதற்கு நிலையான எண்ணிக்கை கிடையாது. தேவராஜன் முதல் தடவை பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நின்றபோது மூன்று பேர். இரண்டாம் தடவை ஏழு. மூன்றாவது தேர்தலில் பதினொன்று; ஆனாலும் தோற்றுப்போனார். இன்னொரு முறை நின்றிருந்தால் இரண்டாம் உலகப் போரே சாலவாக்கம் ரோட்டில் முடிந்திருக்கும். அதற்குள் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். காலனியைச் சேர்ந்த மேரி நின்று ஜெயித்தார். மிச்ச ஜப்பான்காரர்கள் பிழைத்தார்கள்.

பதவி போனாலும் பரம்பரை போகவில்லை. தேவராஜன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பர்மா ஸ்டார் மெடல் இருந்தது. அதற்கு மேலே தாத்தாவின் படம். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் அடுக்கிவைத்த கம்பீரம். படத்துக்குக் கீழே 'கேப்டன் விஜயராகவன்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. எழுதியவர் உத்திரமேரூரில் லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறவர். கேப்டன் பட்டத்தைக் கொடுத்த அதிகாரம் எதுவென்று கேட்டால், தெரிந்தவரை அவர்தான்.

ரைஸ் மில்லை மருமகனிடம் விட்டுவிட்டு ஐம்பத்தெட்டு வயதில் வேலையில்லாமல் இருந்த தேவராஜனுக்கு, ஊர் முனையில் தாத்தா பெயரில் தன் செலவில் ஒரு நினைவு வளைவு கட்டும் யோசனை வந்தது. கட்ட ஆரம்பிக்கும் முன்பே கருங்கல் பலகையில் பெயரைச் செதுக்கச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டார். பஞ்சாயத்துத் தீர்மானம் ஒன்றுதான் பாக்கி.

"பிரசிடெண்டம்மா, ஒரு கையெழுத்து" என்றார் பஞ்சாயத்து ஆபீசில். அந்த 'அம்மா'வைச் சொல்லும்போது அவருக்கு ஊசி போட்டுக்கொள்கிற முகம் வரும்.

மேரி மனுவைப் படித்தார். "வளைவு கட்டலாம்ண்ணா. யாரு வேணாம்னா? ஆனா கேப்டன்னு போடணும்னா ஒரு பேப்பர் வேணும் இல்ல? நாளைக்கு எவனாவது ஆர்டிஐ போட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்குப் பேப்பரா?"

"ஊருக்குத் தெரியும்ண்ணா. ஆபீசுக்குத் தெரியாதே."

தேவராஜன் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகள் பிருந்தாவிடம் கொட்டினார். பிருந்தா காஞ்சிபுரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் சரிபார்க்கிறவள். எதையும் நம்பாமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் அவளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆறாம் வகுப்பில் 'எங்கள் வீட்டு வீரர்' என்று பேசி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள்.

"சோல்ஜருங்க சர்வீஸ் ரெக்கார்டு இன்னும் வச்சிருப்பாங்க நைனா. வாரிசுன்னு நீங்க எழுதிக் கேட்டா காப்பி அனுப்புவாங்க" என்றாள்.

"கேளு. பதினாலு தலைமுறைக்கும் பேசற மாதிரி கேளு."

வாரிசுச் சான்றிதழ், ஆதார், மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் என்று ஏழு மாதம் போயிற்று. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா நேரத்தில் ராணுவ ரெக்கார்டு ஆபீஸ் கவர் பிரிக்கப்பட்டது. பதினான்கு பக்க ஜெராக்ஸ். முதல் பக்கத்திலேயே பெயர் விஜயராகவன், அப்பா பெயர் சரி, ஊர் சரி, உத்திரமேரூர் போலீஸ் சரகம், செங்கல்பட்டு ஜில்லா, சேர்ந்த வருஷம் 1942. எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. தேவராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தமாப் படி. உங்க அம்மாவும் கேக்கட்டும்" என்றார். மனைவி தீபலட்சுமி இட்லித் தட்டோடு வந்து நின்றாள்.

"பதவி... பயனியர்."

"இன்னாது அது? கேப்டனுக்கு மேலயா?"

"ரோடு போடற படை நைனா. மண்ணு வெட்றது, கல்லு ஒடைக்கிறது, கோவேறு கழுத மேல மூட்ட ஏத்தறது."

தேவராஜன் சமாளித்துக்கொண்டார். "ரோடு இல்லன்னா டேங்கு இன்னா ஆகாசத்துலயா போவும்? தாத்தா மேற்பார்வை பாத்துருப்பாரு."

"ஒரு சொம்புத் தண்ணி கூட தானா மொண்டு குடிச்சதில்லன்னு அத்த சொல்லுவாங்களே, அவரா மண்ணு வெட்னாரு?" என்றாள் தீபலட்சுமி. பாராட்டாகத்தான் சொன்னாள்.

பிருந்தா அடுத்தடுத்த பக்கங்களைப் படித்தாள். 1943-ல் ஒரு தண்டனை: சர்க்கார் போர்வையைச் சீக்கு வந்த கோவேறு கழுதைக்குப் போர்த்திவிட்டதற்காக ஏழு நாள் காவல். தேவராஜன் கேட்டுப் பழகிய வீரக்கதைகள் எதிலும் கழுதைக்குப் போர்வை இல்லை. உயரம் என்ற இடத்தில் ஐந்தடி இரண்டு அங்குலம். அதன் பக்கத்தில் டாக்டரின் குறிப்பு: 'சொல்லும் வயதைவிட மிக இளையவனாகத் தெரிகிறான்.'

"வெள்ளக்காரன் டேப்பு வேற மாதிரி" என்றார் தேவராஜன்.

"கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வச்சிருக்காரு நைனா."

செங்கல்பட்டில் மெட்ரிகுலேஷன் முடித்து, வேலைக்காரர்களை இங்கிலீஷில் திட்டியவர் விஜயராகவன். அவர் எதற்குக் கைநாட்டு வைப்பார்? "யுத்தத்துல பேனாவுக்கு எங்க போவாங்க" என்றார் தேவராஜன். அவர் குரல் இப்போது இறங்கியிருந்தது.

பத்தாவது பக்கத்தில் பிருந்தா நின்றுவிட்டாள். பிறகு எழுந்து தாத்தா படத்தின் அருகே போய், கைத்தடி மேல் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆபீசில் தினம் செய்கிற வேலை.

"1944 மே. அஸ்ஸாம் பக்கம் திமாபூர் ரோட்டுல குண்டு வெடிச்சி, இடது கையில ரெண்டு விரல எடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. இந்தப் படம் எடுத்தது அறுபத்திரண்டுல. பத்து விரலும் ஒயுங்கா கீது நைனா."

"ஆபரேஷன்ல ஒட்டியிருப்பாங்க."

"எடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கு. பல்லி வாலா, திரும்ப மொளைக்க?"

பதினோராம் பக்கம் ஆஸ்பத்திரிக் குறிப்பு. அதை அவள் தமிழில் மெதுவாகச் சொன்னாள். காயம் பட்டவனுக்கு நான்கு நாள் கடும் ஜுரம். விஜயராகவன் என்று கூப்பிட்டால் பதில் இல்லை. தன் பெயர் அந்தோணி என்றும், தாயைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறான். ஜுரத்தால் மனக்குழப்பம். இரண்டு வருஷத்தில் அந்தச் சிப்பாய் தன்னைப்பற்றிச் சொன்ன ஒரே உண்மைக்கு டாக்டர் வைத்த பெயர் குழப்பம். மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்.

தேவராஜன் தட்டில் கை கழுவினார். அப்படிச் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்தோணியை அவருக்குத் தெரியும். வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். குட்டையான மனுஷர். இடது கையில் இரண்டு விரல் இல்லை. கரும்பாலையில் போய்விட்டது என்று சொல்வார்கள். தேவராஜனுக்கு எட்டு வயது இருக்கும்போது, சாயங்காலங்களில் தாத்தா கொட்டகைப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். அந்தோணி எதிரே நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். தாத்தா ஊம் கொட்டிக் கேட்பார். சில இடங்களில் "அப்புறம்?" என்பார். அடுத்த நாள் கூடத்தில் விருந்தாளிகள் நடுவே தாத்தா பர்மா கதை சொல்லுவார். முந்தின நாள் சேறும் கழுதையுமாக இருந்தது, மறுநாள் துப்பாக்கியும் ஜப்பான்காரனுமாக மாறியிருக்கும். கொட்டகையில் வைக்கோலை உதறியபடி அந்தோணியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

விஷயம் பிருந்தாவுக்கும் விளங்கிவிட்டது. பெரிய வீடு ஒவ்வொன்றும் பட்டாளத்துக்கு ஒரு பிள்ளையைத் தர வேண்டும் என்று யுத்த காலத்தில் கலெக்டர் கேட்டதாக வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். மேல்சிற்றேரிப் பெரிய வீடு தாராளமாகக் கொடுத்தது, பக்கத்துத் தெருவிலிருந்து. பெயரை மட்டும் தன் வீட்டிலிருந்து கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் அதே பெயருக்கு மெடல் வந்தது, பாராட்டுப் பத்திரம் வந்தது, ஜில்லா போர்டில் நாற்காலியும் வந்தது. அதுவரை மூன்று வருஷம் விஜயராகவன் வேலூரில் மாமனார் வீட்டில் இருந்தார் என்பது தீபலட்சுமிக்குத் தெரிந்த குடும்பத் தகவல். உடம்பு தேற்றிக்கொள்ளப் போனதாகச் சொல்வார்கள்.

"மொதப் பக்கம் மட்டும் குடுத்தாப் போதும்" என்றார் தேவராஜன் கடைசியில். "பேரு கீது, ஊரு கீது. மத்ததெல்லாம் எதுக்கு பேஜாரு?"

"இப்படி மொதப் பக்கம் மட்டும் குடுக்கறவங்களத்தான் நான் தெனம் திருப்பி அனுப்பறேன் நைனா."

அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமை முதல் பக்கத்தோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். மேரி வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மூலையில் இருந்த எண்ணையும் பார்த்தார்.

"பதினாலுல ஒண்ணுன்னு போட்டுக்கீது. மிச்சம் பதிமூணு?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரி விவரம். ஜுரம், பேதி."

"கேப்டன் பேதின்னாலும் ரெக்கார்டுதானே. கொண்டாங்கண்ணா."

மிச்சத்தைத் தேவராஜன் கொண்டுபோகவில்லை. பிருந்தா கொண்டுபோனாள். அவளுக்கு அந்த வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. டிபன் பாக்ஸ் வேறு சமையலறை அலமாரியில் எதிரிலேயே இருந்தது. கொட்டகை அந்தோணிதான் மேரியின் தாத்தா என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையில் நூறுநாள் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் மேரி வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தார். இருவரும் கரைச் சரிவில் ஒரு புளியமரத்தடிக்கு ஒதுங்கினார்கள். பிருந்தா ஒரு பக்கத்தையும் விடாமல் சொன்னாள்.

மேரி குறுக்கே பேசவில்லை. கழுதைக்குப் போர்வை என்ற இடத்தில் மட்டும், "அவருதான்" என்றார்.

"எப்படிக்கா சொல்றீங்க?"

"எங்க வூட்டுல கன்னுக்குட்டிக்கு குளுருதுன்னு என் கம்பளிய எடுத்துப் போத்திட்டு, எனக்கு கோணிப்பைய குடுத்தவரு. நான் அழுதேன். கன்னுக்குட்டி வாயில்லாததும்மா, நீ கேட்டு வாங்கிக்குவன்னாரு." மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்கும் துடைப்பதுண்டு. "வெரலு கரும்பாலையில போச்சுன்னு சொல்லுவாரு. இந்தச் சுத்து வட்டாரத்துல ஏது கரும்பாலன்னு நாங்க ஒருத்தரும் கேட்டதில்ல பாரு. மூணு வருசம் அஸ்ஸாம் தேயிலத் தோட்டத்துல இருந்தாருன்னு பெரிய வூட்ல பாட்டிகிட்ட சொல்லி வச்சிருந்தாங்க."

"ஏன்க்கா கடைசி வரைக்கும் அவரு சொல்லவே இல்ல?"

"சொன்னா ஆள்மாறாட்டம், வெள்ளக்காரன் ஜெயில்ல போடுவான்னு பயமுறுத்தியிருப்பாங்க. வெள்ளக்காரன் போன சேதிய அவருகிட்ட யாரும் சொல்லல போலக்கீது."

பிருந்தா மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். மேரி கையமர்த்தினார். "நீ இன்னாத்துக்குக் கேக்கற? பேப்பரக் குடு. ஜெராக்ஸ் எடுத்துக்கினு தரேன்."

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா, கொடி, மிட்டாய். வழக்கமாக நாற்பது பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று முந்நூறு பேர் வந்திருந்தார்கள். குடிநீர்த் தீர்மானத்துக்காக வந்தவர்கள் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம். மேரி பதினான்கு பக்கத்தின் சாரத்தையும் மைக்கில் வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, தெருவிளக்குப் பட்டியல் வாசிப்பதைப் போலத்தான் வாசித்தார். விரல் பற்றிய பக்கம் வந்தபோது கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த வயசாளிகள் இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றார்கள். எதற்கு நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நின்றபடியே கேட்டார்கள்.

தேவராஜன் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருந்தார். வராமல் இருந்தால் பயந்ததாகப் பேசுவார்கள் என்று வந்தவர். மேரி முடித்ததும் எழுந்தார். ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு புதுப் பெருமையைத் தயாரித்திருந்தார்.

"நான் மறுக்கல. ஆனா ஒண்ணு. அந்தோணிய நாட்டுக்காக அனுப்பி வச்சதே எங்க வூடுதான். அதையும் ஊரு மறக்கக் கூடாது!"

அவருடைய ஆட்கள் நான்கு பேர் கை தட்டினார்கள். மேரி மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"மறக்கவே கூடாதுண்ணா. அத்தயும் கல்லுலயே போட்டுடலாம். 'அந்தோணி. 1942 முதல் 1945 வரை, விஜயராகவன் வூட்டாரால் விஜயராகவன் பேரில் யுத்தத்துக்கு அனுப்பப்பட்டவர்.' சரியாண்ணா? வளைவுக்குத் தீர்மானம் போட்டுடலாமா?"

முந்நூறு பேர் சிரித்தது சாலவாக்கம் வரை கேட்டிருக்கும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கினால் தாத்தா பெயரில் வளைவு வேண்டாம் என்றாகும், தூக்காவிட்டால் இந்த வாசகம் நிற்கும். தேவராஜன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கல் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. வேறு கல் வாங்க வேண்டியதில்லை, பின்பக்கம் காலிதானே என்றார் மேரி. கேப்டனைச் சிமெண்ட்டுக்குள் திருப்பி வைத்து, அந்தோணியை ரோட்டைப் பார்க்க வைத்தார்கள். செலவு, ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி, தேவராஜனுடையது. வாசகத்தில் 'வூட்டாரால்' என்பதை 'வீட்டாரால்' என்று திருத்தியது மட்டும்தான் அவர் செய்த மாற்றம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேரிக்கு வளைவைவிட ரெக்கார்டு முக்கியமாகப்பட்டது. "கல்லு ஒடையும். ரெக்கார்டுல அவரு பேரு வரணும்" என்றார். பிருந்தா ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்டாள். நியாயமான பதில்தான் வந்தது: விஜயராகவனின் சட்டப்படியான வாரிசு, தன் தாத்தா எந்தப் போரிலும் பணியாற்றவில்லை என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பரிசீலிக்கப்படும்.

பத்திரத்தை டைப் செய்து பிருந்தா மேஜைமேல் வைத்தாள். தேவராஜனுக்கு அன்றே முழங்கால் வலி வந்தது. மறுவாரம் அமாவாசை. அதற்கடுத்த வாரம் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. தீபலட்சுமி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மெடலை எடுத்து, செய்தித்தாளில் மடித்துப் பத்திரத்தின் மேல் வைத்தாள். "இதுக்கு மேல இத்தத் தொடைக்க என்னால ஆவாது" என்றாள்.

ஆனால் அவரைக் கிளப்பியது டீக்கடைதான். ஒரு நாள் காலையில் யாரோ ராணுவத்தைப் பற்றிப் பேச, பழக்க தோஷத்தில் "எங்க தாத்தா பர்மாவுல இருந்தப்ப" என்று ஆரம்பித்துவிட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மிகுந்த மரியாதையோடு, "எந்தத் தாத்தாண்ணா?" என்று கேட்டார். கிண்டல் துளியும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தேவராஜன் டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "எங்க அந்தப் பத்திரம்?" என்றார்.

உத்திரமேரூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே நோட்டரி. பிருந்தா லீவு போட்டு வந்திருந்தாள், சாட்சிக்கு மேரி. நோட்டரி இரண்டு தடவை படித்தார்.

"போருக்குப் போனதுக்கு இல்ல, போகாததுக்கா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு பத்திரம் வந்ததில்லையே."

"இப்ப வந்திடுச்சி இல்ல, போடுங்க" என்றார் தேவராஜன். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேரியிடம் நீட்டினார். அவருக்குத் தெரிந்த பேச்சுகளில் அந்த இடத்துக்கு ஏற்றது ஒன்றும் இல்லை. மேரி பிரித்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் சாலவாக்கம் வண்டி வர நேரமாயிற்று. தூறல் ஆரம்பித்தது. மூன்று பேரும் கூரைக்குள் நெருங்கி நின்றார்கள். தேவராஜன் மழையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கை... அவருக்கு வலிக்கும்னு சொல்லுவாரா?"

"மழ வந்தா வலிக்கும்பாரு" என்றார் மேரி. "இருக்கற வெரலு இல்ல, இல்லாத வெரலு. அத்தத் தேச்சி வுடறதுக்கும் முடியாதில்ல. சும்மா கைய மடியில வச்சிக்கினு ஒக்காந்திருப்பாரு. ஏண்ணா கேக்கறீங்க?"

தேவராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க தாத்தாவும் மழ நாள்ல கைய நீவிக்கினே இருப்பாரு. யுத்தத்துல பட்ட அடின்னுவாரு. நான் எண்ண காய்ச்சித் தேச்சி வுட்டிருக்கேன், மேரி. எத்தினியோ வருசம் தேச்சி வுட்டிருக்கேன்."

பிருந்தா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. மேரிக்கும் புரியவில்லை போலிருந்தது. "வண்டி வந்திடுச்சிண்ணா, ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.